அமெரிக்காக்காரன் கழுத்துத் துணி

துவரிமானைத் தாண்டும்போது வெயில் சாய்ந்துவிட்டது. வலது பக்கம் வைகை மணலாகக் கிடந்தது, நடுவில் ஒரு கோடு தண்ணீர். என் சட்டைப் பையில் ஒரு பாக்கெட் சிலேட்டுக்குச்சி இருந்தது. அது யாருக்காக வாங்கியதோ அவர் மதுரையில், மகாலுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சந்தில், வாசற்படியில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தார். கடைக்குப் போய்த் திரும்பக் கால் மணி நேரம் போதும். நான் கிளம்பி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

ஓர் இடத்தை விட்டுப் போவது எனக்குப் புதிதில்லை. மேற்கே, கிணறு வற்றினால் ஊரே வற்றிப்போகும் பக்கத்தில் பிறந்தவன். ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றேன். அதன்பின் செங்கல் சூளை, லாரி கிளீனர், பரோட்டாக் கடை, கல்யாண மண்டபத்தில் இலை எடுக்கும் வேலை. ஆறு மாதத்துக்கு மேல் ஒரே இடத்தில் தங்கினால் உள்ளங்கால் அரிக்கும். ஒரு நாள் காலை சொல்லாமல் கிளம்பிவிடுவேன். அப்படிக் கிளம்பிய போதெல்லாம் கால் வலித்திருக்கிறது. வேறு எதுவும் வலித்ததில்லை.

மதுரையில் மட்டும் மூன்று வருடம் தங்கினேன். அதற்குக் காரணம் அந்த மனிதர்.

எழுபதுகளின் கடைசி அது. தெற்குவாசல் பக்கம் ஒரு தியேட்டரில் விளம்பர வண்டி மிதிக்க ஆள் தேடினார்கள். சைக்கிள் ரிக்‌ஷாதான். இரண்டு பக்கமும் போஸ்டர் ஒட்டிய தட்டி, மேலே குழாய் ஸ்பீக்கர், சீட்டுக்கு அடியில் பேட்டரி. நான் மிதிப்பேன். பின்னால் உட்கார்ந்து மைக்கில் பேசி, தெருவுக்கு நாலு நோட்டீஸ் வீசுவார் அவர். சௌராஷ்டிரக்காரர். வீட்டில் ஒரு மொழி, தெருவில் நம் மொழி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை மாப்ள என்பார்.

"நீ என்னை அண்ணேங்குற, நான் உன்னை மாப்ளங்குறேன். இந்த முறையில எவனாவது கல்யாணப் பத்திரிகை அடிச்சா அச்சாபீஸ்காரன் அடிக்க வருவான்" என்று முதல் நாளே சொன்னார்.

அவர் பேச்சைக் கேட்கத்தான் சனங்கள் வாசலுக்கு வருவார்கள், படத்துக்காக அல்ல. உச்சிவெயிலில் முனிச்சாலைப் பக்கம் போகும்போது மைக்கில் சொல்வார்: "அக்கா, பச்சைக் கதவு வீட்டக்கா, குழம்பு அடிப்பிடிக்குது, வாசனை இங்கன வரைக்கும் வருது. போய் இறக்கி வச்சுட்டு வாங்க, நோட்டீஸ் எங்கயும் ஓடிப்போகாது." ஓடாத படத்தையும் மறைக்க மாட்டார். "நேத்து இந்தப் படத்தைப் பார்த்த அத்தனை பேரும் பிரமாதம்னு சொன்னாங்க. பார்த்தவங்க ரெண்டு பேரு. அதுல ஒருத்தர் தியேட்டர் முதலாளி." முதலாளி கூப்பிட்டுத் திட்டினார். மறுநாள் கூட்டம் வந்ததும் விட்டுவிட்டார்.

என்னையும் விட மாட்டார். அவனியாபுரம் வரை ஏற்றமும் இறக்கமுமாக நான் மூச்சு வாங்க மிதிக்கும்போது பின்னால் குரல் கேட்கும்: "பெரியோர்களே, வண்டி மிதிக்கிற தம்பி ஒன்பதாப்பு வரைக்கும் படிச்சவரு. பேசுற நான் அஞ்சாப்பு. அதனாலதான் அவரு மிதிக்கிறாரு, நான் உக்காந்திருக்கேன்."

மிஞ்சிய நோட்டீஸ்களைப் பழைய பேப்பர் கடையில் போடுவோம். அங்கேதான் அந்தப் புத்தகம் கிடைத்தது. தடித்த அட்டை, முதுகு பிய்ந்தது, ஏதோ நூலகத்தின் முத்திரை அழிந்து கிடந்தது. அமெரிக்காவில் சனங்களைச் சிரிக்க வைத்தே வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கை வரலாறு. செத்தபின் அவரை மதித்து எழுதியது. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. நாங்களும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அது எங்கள் வாயில் நிற்கவில்லை. 'நம்ம அமெரிக்காக்காரன்' என்போம்.

கடைக்காரர் அதைப் பொட்டலக் காகிதத்துக்காகக் கிழிக்க எடுத்தபோது ஒரு படம் தெரிந்தது. மாட்டுவண்டி போல ஒன்றின் பின்பக்கத்தில் ஒருவர் நின்று தெருவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். பெரிய காதுகள், வாய் ஆகாயம் வரை திறந்திருந்தது. கீழே சனங்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் கடைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். "கிழிக்காதய்யா! இவன் நம்ம தொழில்காரன்."

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தியேட்டர் சைக்கிள் ஸ்டாண்டு நிழலில், தினமும் ஒரு மணி நேரம் படிப்பு. படிப்பவன் நான். என் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு அந்தப் புத்தகத்தில் பத்துச் சொல்லுக்கு ஒன்று பிடிபடும். அப்பா, பண்ணை, குதிரை, அழுதான், சிரித்தான். மிச்சத்தைப் படத்தைப் பார்த்து நானே நிரப்புவேன். நான் படித்துச் சொன்ன அமெரிக்காக்காரனில் பாதி புத்தகத்திலிருந்து வந்தவன், பாதி நான் செய்தவன். ஒரு பக்கத்தில் கழுதையோடு நின்றிருந்தார். என்ன விஷயம் என்று எனக்குப் புரியவில்லை. கழுதை உதைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் கீழமாசி வீதி முழுக்க அது ஒலித்தது: "அமெரிக்காவுல ஒரு பெரிய மனுசன் கழுதைகிட்ட உதை வாங்கித்தான் முன்னுக்கு வந்தாராம். நம்ம ஊர்லயும் கழுதை இருக்கு, உதை இருக்கு. முன்னுக்கு வரத்தான் வழியக் காணோம்."

ஒரே ஒரு பகுதியை மட்டும் உண்மையாகப் படித்தேன். தியேட்டர் ஆபரேட்டரிடம் சின்ன அகராதி ஒன்று இருந்தது. அதை வைத்து நாலு நாள் தடவித் தடவிப் படித்தேன். முதல் முறை மேடை ஏறியபோது அமெரிக்காக்காரனுக்குக் கால் நடுங்கியது. பேச்சு மறந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்து, "நான் பயந்து போயிருக்கிறேன், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்பது போல ஏதோ கேட்டிருக்கிறார். கூட்டம் சிரித்துவிட்டது. அண்ணன் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு, "எனக்கும் தினம் அப்படித்தான் மாப்ள. யாருகிட்டயும் சொன்னதில்ல" என்றார்.

அதன்பின் மைக் சுவிட்சைத் தட்டும் முன்னால் ஒவ்வொரு நாளும் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி, "அமெரிக்காக்காரா, வாரியா?" என்று கேட்டுக்கொள்வார்.

வெற்றிலையும் புகையிலையும் அவர் வாயில் எப்போதும் இருக்கும். ஒரு மாசி மாதம் குரல் கரகரத்தது. பங்குனியில் தேய்ந்தது. மிளகு, சுக்கு, மஞ்சள் பால் எல்லாம் ஆயிற்று. சித்திரைத் திருவிழாவில் ஊர் நிறைந்திருந்தபோது அவர் கத்தக் கத்தக் காற்றுதான் வந்தது. அப்போதும் சிரிக்க வைத்தார்: "மைக்குல கோளாறு இல்ல, ஆள்லதான்." பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

டாக்டர் நோயாளியிடம் எதுவும் சொல்லவில்லை. அப்போதெல்லாம் வழக்கம் அதுதான், கூட வந்தவர்களிடம்தான் சொல்வார்கள். என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார்.

"தம்பி மாதிரிங்க."

"குரல்வளையில கட்டி. எடுத்தாகணும். எடுத்தா உயிர் தங்கும். பேச்சு தங்காது. கழுத்துல துளை போட்டு அது வழியாத்தான் மூச்சு. யோசிச்சு நாளைக்குள்ள சொல்லுங்க."

பொறுமையாக இரண்டு முறை சொன்னார். நல்ல மனிதர். வெளியே வேப்ப மரத்தடியில் அண்ணன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அண்ணி வீட்டில், சாயம் தோய்க்கும் முன் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுபவர். அன்று கையில் சேலை இல்லை. முந்தானை நுனியையே முடிந்து முடிந்து அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அவருகிட்ட சொல்லிராதீங்க தம்பி" என்றார். "பேச்சுப் போகும்னு தெரிஞ்சா கத்திக்குப் படுக்க மாட்டாரு. எனக்கு அவரு வேணும். பேசாமக் கூட இருக்கட்டும். வேணும்."

ஆஸ்பத்திரித் தாளில் அண்ணி கைநாட்டு வைத்தார்.

ஆனால் அண்ணன் மோப்பம் பிடித்துவிட்டார். வார்டில் கட்டிலில் உட்கார்ந்து, தேய்ந்த குரலில், "கத்தி வச்சா பேச்சு என்னாகும்? ஒண்ணு நீ சொல்லு, இல்ல அவ சொல்லட்டும். ரெண்டு பேரும் ஜன்னலைப் பாக்குறீங்க" என்றார். நான் அப்போதும் ஜன்னலைத்தான் பார்த்தேன்.

அவர் தலையணைக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்தார். பாதிக்குப் பிறகு ஒரு படம். ரயில் பெட்டி ஓரம் அமெரிக்காக்காரன் நிற்கிறார். கழுத்தில் தடித்த துணி இரண்டு சுற்று, தாடை வரை.

"எல்லாப் படத்துலயும் வாயைத் தொறந்துருக்கான். இதுல மட்டும் மூடிருக்கான். கழுத்துல கட்டு வேற. நான் இதை ரெண்டு நாளாப் பாத்துட்டு இருக்கேன். இவனுக்கும் தொண்டையிலதான் மாப்ள. படி."

இதைப் படிக்கிற உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் எங்கள் ஊரில் சும்மா இருக்கும் ஒருவன் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு நிற்க மாட்டான். அந்த வெயிலில் யாரால் முடியும்? தொண்டைப் புண், பொன்னுக்கு வீங்கி, இவற்றுக்குத்தான் கட்டுவார்கள். சத்தியமாக, அந்தப் படத்தைப் பார்த்தபோது நானும் நோய் என்றுதான் நினைத்தேன். அது வரைக்கும் அது தப்பு. பொய் இல்லை.

பொய் அடுத்த வரியில் ஆரம்பித்தது. பக்கத்தில் எனக்குத் தெரிந்த சொற்கள் மூன்று: ரயில், மனைவி, ஆறு மாதம். அவர் கண்கள் என் உதட்டிலேயே இருந்தன.

"ஆமாண்ணே" என்றேன். "தொண்டையிலதான். கட்டி. ஆபரேசன் பண்ணிருக்காங்க. சம்சாரம் கூடவே இருந்து பாத்துக்கிச்சாம். ஆறு மாசம் பேச்சே இல்ல. அதுக்கப்புறம் திரும்பி வந்துருச்சு. முன்னைவிட நல்லா."

"ஆறு மாசம்னு போட்டுருக்கா? காட்டு."

விரலை வைத்துக் காட்டினேன். அவருக்கு ஆங்கில எழுத்து தெரியாது. ஆனாலும் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்ப சரி" என்று படுத்துக்கொண்டார்.

ஆபரேசன் முடிந்தது, உயிர் தங்கியது. டாக்டர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. கழுத்தின் அடியில் ஒரு துளை, அதன்மேல் ஈரத்துணி. நான் ஒரு சிலேட்டு வாங்கிக்கொண்டு போனேன். ஒரு வாரம் அதைத் தொடாமல் இருந்தார். பிறகு எடுத்து, பெரிய எழுத்தில் எழுதி எங்களுக்குக் காட்டினார்: 'மைக் டெஸ்டிங். ஒன் டூ த்ரீ.'

வார்டே சிரித்தது. அண்ணி மட்டும், "என்ன எழுதிருக்காரு தம்பி?" என்று கேட்டார். நான் படித்துச் சொன்னபின் அவரும் சிரித்தார், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு.

வீட்டுக்கு வந்தபின்தான் எனக்கு அது உறைத்தது. அவர்கள் இருவரும் பதினைந்து வருடமாகத் தங்கள் மொழியில்தான் பேசி வந்திருக்கிறார்கள். சண்டையும் அதில்தான், கொஞ்சலும் அதில்தான். அந்த மொழியை எழுத அண்ணனுக்குத் தெரியாது. தமிழில்தான் எழுதினார். அண்ணிக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. ஆகவே அண்ணி தன் மொழியில் ஏதாவது சொல்வார், அண்ணன் தமிழில் எழுதுவார், நான் உட்கார்ந்து படித்துக் காட்டுவேன். புருசன் பெண்சாதிக்கு நடுவில் என் குரல். நான் இல்லாத நேரத்தில் என்ன செய்தார்களோ, தெரியாது.

சிலேட்டில் அவர் வேடிக்கையாகத்தான் எழுதினார். ஆனால் சிரிப்புக்கு ஒரு நேரம் உண்டு. அவர் எழுதி முடித்து, திருப்பிக் காட்டி, எதிரே இருப்பவர் எழுத்துக் கூட்டுவதற்குள் அந்த நேரம் போய்விடும். பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகப் படித்து, மரியாதைக்குப் புன்னகை செய்தார்கள். அவர் ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பார். பிறகு துடைத்துவிடுவார்.

கண்ணாடிக்குப் பக்கத்தில் அந்தப் படம் தெரியும்படி புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். தன் கழுத்தையும் அதன் கழுத்தையும் காட்டி, 'அண்ணன் தம்பி' என்று எழுதினார். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை எறியாமல் ஆணியில் குத்தி வைத்தார். வைகாசியிலிருந்து ஆறு மாதம்.

தியேட்டரில் மைக்குக்கு வேறு ஆள் போட்டார்கள். நான் அவனைப் பின்னால் உட்கார வைத்து மிதித்தேன். அண்ணன் சந்து முனை வந்ததும் திரும்பி, "இங்கன மட்டும் பேசாதப்பா" என்பேன். அவனும் நல்லவன்தான், வாயை மூடிக்கொள்வான். சந்து முனையில் அண்ணன் துண்டோடு நிற்பார். விளம்பர வண்டி சத்தமில்லாமல் அவரைக் கடந்து போகும். ஒரு தடவை அவர் கையை நீட்டி நோட்டீஸ் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

கார்த்திகை வந்தது. ஆணியில் தாள் நிறைந்தது. குரல் வரவில்லை. துளைக்கு மேல் விரலை வைத்து, உதட்டை அசைத்து, கண்ணாடி முன்னால் நின்று பார்ப்பார். ஒரு நாள், 'மறுபடி அந்தப் பக்கத்தைப் படி' என்று எழுதினார்.

அன்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். "அவங்க குளிர் நாடுண்ணே, புண்ணு சீக்கிரம் ஆறும். நமக்கு இன்னும் ரெண்டு மாசம் கூடப் புடிக்கும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அந்த வீட்டில் ஜன்னல் கிடையாது. சுவரைத்தான் பார்த்தேன்.

மார்கழி பிறந்து சில நாள் கழித்து, மதியம் வண்டியை நிறுத்திவிட்டுப் போனேன். அண்ணி சேலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். "நேத்து இவரு தனியா பஸ் ஏறி எங்கயோ போயிட்டு வந்தாரு தம்பி. புத்தகத்தையும் சிலேட்டையும் பையில போட்டுக்கிட்டு. எங்கேன்னு கேளுங்க" என்றார்.

அண்ணன் மடியில் புத்தகம் இருந்தது. அதிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். நோட்டுத் தாள், நீல மை, அழகான கையெழுத்து. நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அதன் வாசலில் பஸ்ஸிலிருந்து இறங்கி, சிலேட்டில் எழுதிக் காட்டி, ஒரு மாணவரைப் பிடித்திருக்கிறார். அந்தப் பையன் மரத்தடியில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறான். ஊர் ஊராக ரயிலில் ஆறு மாதம் நிகழ்ச்சி நடத்திய சமயம் எடுத்த படம் அது. பனி கொட்டி ரயில் நின்றுவிட்டது. கழுத்தில் இருப்பது மனைவி பின்னிக் கொடுத்த கம்பளித் துணி. அடியில் தனியாக எழுதியிருந்தான்: 'ஐயா, நீங்கள் கேட்டபடி புத்தகம் முழுவதும் புரட்டிப் பார்த்தேன். அவருக்குத் தொண்டையில் நோய் வந்ததாக எங்கும் இல்லை.'

நான் தாளை மடித்தேன். பிரித்தேன். மறுபடி மடித்தேன்.

அண்ணன் சிலேட்டை எடுத்து எழுதினார். நிதானமாக எழுதினார். என் பக்கம் திருப்பினார்.

'அவனுக்குக் குளிர் மாப்ள. அம்புட்டுதான்.'

பிறகு தோள்கள் குலுங்கின. துளை வழியாகக் காற்று விசில் போல வந்து வந்து போனது. ஆபரேசனுக்குப் பிறகு அவர் சிரிப்பது அப்படித்தான். அழுவதும் அப்படித்தான் இருந்திருக்கும், நான் அதுவரை பார்த்ததில்லை. அன்று எது நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியாது.

அண்ணி முடிச்சுப் போடுவதை நிறுத்தினார். "என்ன எழுதிருக்காரு தம்பி?"

அந்த வீட்டில் படிப்பது என் வேலை. படித்தேன்.

"அவனுக்குக் குளிர் மாப்ள. அம்புட்டுதான்."

"யாருக்குக் குளிருது?" என்றார் அண்ணி. அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் கேட்டதெல்லாம் புருசனிடம் உண்மையைச் சொல்லாதே என்பதுதான். வேறு என்ன சொன்னேன் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. "உங்களுக்கா குளிருது? துண்டு தரவா?" என்று அண்ணனைக் கேட்டார்.

அண்ணன் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, சிலேட்டைத் துடைத்து மறுபடி எழுதத் தொடங்கினார். இரண்டு எழுத்து எழுதியதும் குச்சி ஒடிந்தது. கடைசிக் குச்சி. நகக்கண் அளவு துண்டால் கீறி, 'குச்சி வாங்கிட்டு வா' என்று மட்டும் எழுதினார். தொடங்கிய அந்த இரண்டு எழுத்தும் மேலே அப்படியே இருந்தன. என்ன சொல்ல வந்தார் என்று கண்டுபிடிக்க முடியாத இரண்டு எழுத்து.

"வாரேன்ணே. வாரேன் அண்ணி" என்றேன். போறேன் என்று சொல்லி எங்கள் பக்கம் யாரும் வாசல் தாண்ட மாட்டார்கள்.

குச்சி வாங்கினேன். திரும்பிச் சந்து முனை வரை வந்தேன். அங்கிருந்து அவர் வீட்டு வாசல் தெரியும். படியில் உட்கார்ந்திருந்தார், முழங்கால் மேல் சிலேட்டு, கழுத்தில் துண்டு. என் பக்கம் பார்க்கவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் போயிருப்பேன். செருப்பால் அடித்திருந்தாலும் போய் நின்றிருப்பேன். அந்த இரண்டு எழுத்துக்கு அடுத்த எழுத்தை அவர் எழுத, அதை நான் அண்ணிக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். அதற்குத்தான் என்னால் முடியவில்லை. அவர் எழுதுவதற்கு வேண்டியது என் பையில் இருந்தது. நான் திரும்பி நடந்தேன்.

வேறு கடையில் குச்சி கிடைத்திருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் யாராவது கொடுத்திருப்பார்கள். இந்தச் சமாதானத்தை எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். எட்டு வருடம் கழித்து ஒரு தடவை அந்தச் சந்துக்குப் போனேன். அந்த வீட்டில் வேறு குடித்தனம். அவர்களுக்கு விவரம் தெரியவில்லை. நானும் இரண்டாவது வீட்டில் விசாரிக்கவில்லை.

அன்று கோச்சடை, துவரிமான் என்று நடந்து மேலக்கால் தாண்டியதும் இருட்டிவிட்டது. ஒரு களத்தில் வைக்கோலுக்குள் படுத்தேன். விடியும் முன்னால் எழுந்து ஆற்றைக் கடந்து சோழவந்தானுக்குள் போனேன். டீக்கடையில் ஒருவர் கொடிக்காலுக்குத் தண்ணீர் விட ஆள் வரவில்லை என்று சலித்துக்கொண்டிருந்தார். வெற்றிலைத் தோட்டத்தைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள். நான் வருகிறேன் என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த பாக்கெட்டைப் பார்த்தார்.

"எழுதப் படிக்கத் தெரியுமா? மூட்டையில ஊர்ப்பேரு எழுதுறதுக்கும் ஆளு வேணும். அது நிழல்ல உக்காந்து செய்யிற வேலை."

"தெரியாதுண்ணே. இது வீட்டுப் பிள்ளைக்கு வாங்குனது."

"அதையாவது படிக்க வையி" என்றார்.

கொடிக்காலுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. வரப்பில் கழற்றிவிட்டு இறங்கினேன். இரண்டு பக்கமும் அகத்தி மரங்கள், அவற்றில் ஏறிய கொடிகள், நடுவில் வாய்க்கால். வெளியே விடிந்துவிட்டது, உள்ளே இன்னும் விடியவில்லை. ஒரு தகரத்தைக் கையில் கொடுத்து, வாய்க்காலிலிருந்து அள்ளி இருபக்கமும் கொடியின் அடியில் வீசச் சொன்னார். தண்ணீரில் காலை வைத்ததும் உடம்பு நடுங்கியது. பத்து வீச்சுக்குப் பிறகும் நடுக்கம் நிற்கவில்லை. இடுப்புத் துண்டை அவிழ்த்துக் கழுத்தில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டேன்.

அவர் வரப்பில் குந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, தொண்டையில எதுவும் கோளாறா? நோயாளின்னா இப்பவே சொல்லிரு."

"இல்லண்ணே, குளிருது" என்றேன்.

குனிந்து அடுத்த தகரத் தண்ணீரை அள்ளினேன்.